முப்பதாவது கிலோமீட்டர்

"மனித குலத்தின் கவனத்திற்கு! இரண்டு காலில் எழுந்து நின்ற நாளிலிருந்து நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் மனிதன், இனிமேல்தான் உண்மையாக நடக்கப்போகிறான். நெடுந்தொலைவு நடையர் பேரவை தன் பதினோராம் ஆண்டு முப்பது கிலோமீட்டர் பெருநடைக்குப் புதிய உறுப்பினர்களை அழைக்கிறது. காலைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்."

மனித குலத்துக்கான இந்த அறிவிப்பு ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஈறு வீக்கப் படத்துக்கும் 'குடையை இங்கே சாய்க்காதீர்' அட்டைக்கும் நடுவே ஒட்டப்பட்டிருந்தது. மனித குலத்தின் சார்பில் அதை முழுதாகப் படித்தவர் முத்திரை ஒருவர்தான். அவர் எதையும் முழுதாகப் படிப்பார். மருந்து டப்பாவின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டார்.

முத்திரை என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்தவர். தராசு, படிக்கல், லிட்டர் குவளை, துணிக்கடை மீட்டர் கோல், எதைக் கண்டாலும் சோதிப்பார். சரியென்றால் முத்திரை குத்துவார், தவறென்றால் வழக்குப் போடுவார். நடுவில் 'போகட்டும் விடு' என்று ஒரு பாதை இருப்பது அவருக்குப் பணியின் கடைசி நாள்வரை தெரியவில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் தூரம் அளக்கும் சக்கரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். நீளக் குச்சி, அடியில் ரப்பர் பூண்ட சக்கரம், எண் காட்டும் சின்னப் பெட்டி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மீட்டர். 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டியின் மேல் பளபளவென்று பித்தளைத் தகடு: 'அளவு தவறாதவருக்கு அன்புடன்.' அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தனை பேரும் வாசலில் நின்று கைதட்டினார்கள். பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் நிகர எடை எழுதிய சீட்டு ஏறியது. மனைவி டீயில் சர்க்கரை போடும்போது பின்னால் நின்று, "நீ ஒரு ஸ்பூன்னு சொல்றது ஒண்ணே கால்," என்றார். மனைவி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன், அளந்து கேட்டுக்கோங்க. இன்னும் ஒரு வாரம் நீங்க இப்படி வீட்டுல இருந்தா, நான் பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க யாருக்கும் கணக்கு வராது. நிம்மதியா இருப்பேன்."

"நான் எங்க போறது?"

"வெளிய போங்க. நாலு பேர்கிட்ட பேசுங்க. உங்களுக்குன்னு ஒரு சிநேகிதன் உண்டா?"

யோசித்துப் பார்த்தார். இல்லை. இந்த ஊரில் டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கடைக்காரர் கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வழிய டீயை ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முப்பத்திரண்டு வருடமாக முத்திரை வழிய வழியத்தான் டீ குடித்திருக்கிறார், பக்கத்தில் யாரும் நிற்காமல்.

இந்த நிலையில்தான் மனைவிக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வந்திருந்தார்கள். உள்ளே அவளுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்த நேரத்தில், வெளியே முத்திரை எடைபார்க்கும் மெஷினில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, உதட்டைப் பிதுக்கினார். பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், உங்க மெஷின் எண்ணூறு கிராம் கூடக் காட்டுது."

டாக்டரம்மா கையுறையோடு நெஞ்சில் கை வைத்தார். "நிஜமாவா? இந்த எண்ணூறு கிராமுக்காக ஒரு மாசமா ராத்திரிச் சாப்பாட்டை விட்டேனே சார்! உங்கள மாதிரி ஆள்தான் எங்க பேரவைக்கு வேணும். நடப்பீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள், வாய் நிறையப் பஞ்சோடு மனைவி உள்ளிருந்து தலையை ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் ஒரு பஞ்சு வெளியே விழுந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேருந்துப் பணிமனை வாசலில் பேரவை கூடியது. பதினான்கு பேர். எல்லாருக்கும் பச்சைத் தொப்பி. அந்தத் தொப்பிகள் எல்லாம் காதுவரை இறங்கி, புருவத்தை மூடி, பார்ப்பதற்குப் பதினான்கு பாட்டில் மூடிகளை நிற்கவைத்தாற்போல் இருந்தது. தலைவர் முன்னாள் கல்லூரி முதல்வர். கையில் ஒரு தடி. ஊன்றுவதற்கு அல்ல, சுட்டிக்காட்டுவதற்கு. நடையைத் தொடங்குமுன் நடை பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். "நடை என்பது கால்களின் வினை அல்ல; ஆன்மாவின் இடப்பெயர்ச்சி," என்றார். ஆன்மாக்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன.

பேரவையின் சட்டதிட்டங்கள் இரண்டுதான். நடக்கும்போது செல்போன் கூடாது. எல்லாருடைய போனும் அணைக்கப்பட்டுத் தலைவரின் துணிப்பைக்குள் போய்விட வேண்டும். அடுத்தது, புதியவர் மூன்று ஞாயிறு வெறுந்தலையோடு வரிசையின் கடைசியில் நடக்க வேண்டும். பெருநடையை முடித்தால் தொப்பி, முடிக்காவிட்டால் கைகுலுக்கல்.

வரிசையின் கடைசியில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். டெய்லர். குட்டையான மனிதர். தொப்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்தார்.

"நீங்களும் புதுசா?" என்றார் முத்திரை.

"நானா? ஆரம்பத்துலேர்ந்து இருக்கேன் சார். கடைசில நடக்கறது நானா கேட்டு வாங்கினது. முன்னாடி போறவங்க பேண்ட் எல்லாம் நான் தைச்சது. பின்னாடி நடந்தாத்தான் என் வேலை எனக்குத் தெரியும்." ஒரு கணம் முத்திரையின் தோளைப் பார்த்தார். "கோச்சுக்காதீங்க. இந்தச் சட்டை உங்களுக்கு யார் தைச்சது? இடது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கு."

முத்திரை நின்றுவிட்டார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒரு பங்குக்குக் கவலைப்படும் இன்னொரு மனிதரை இந்த உலகத்தில் அவர் சந்திப்பது இதுவே முதல் தடவை. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் உலோக டேப்பை எடுத்து அங்கேயே அளந்தார். சரியாக ஒரு நூல்.

அன்று இருவரும் ஒரு கடையில் நின்று டீ குடித்தார்கள். கடைக்காரர் வழக்கம்போல் வழிய ஊற்றினார். டெய்லர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் என்ன சார் ராஜ உபசாரம்?" என்று பாதியைத் தன் தம்ளரில் சாய்த்துக்கொண்டார். முத்திரைக்கு டீ இவ்வளவு ருசியாக இருக்கும் என்பது தெரியாது.

வீட்டில் சீட்டு ஒட்டுவது நின்றது. மனைவி ஒண்ணே கால் ஸ்பூன் சர்க்கரையைப் பகிரங்கமாகப் போட்டாள். "அந்த டெய்லரண்ணன் நல்லா இருக்கணும்," என்றாள்.

மூன்றாவது ஞாயிறுதான், டாக்டரம்மா பேச்சுவாக்கில் சொல்லி, புதியவர் யார் என்பது தலைவருக்குத் தெரிந்தது. தலைவர் தடியைத் தூக்கினார்.

"அளவைத் துறை அதிகாரி! நம் நடுவில்! நண்பர்களே, இந்த ஆண்டு பெருநடை முடியும் இடத்தில் ஒரு கல் நடுகிறோம். '30 கி.மீ.' என்று செதுக்கியாகிவிட்டது. அந்தத் தூரத்துக்கு ஒரு சான்றிதழ். அதில் இவர் கையெழுத்து! கல்லுக்கே கம்பீரம் வந்துவிடும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். முத்திரை தொண்டையைச் செருமினார்.

"அளக்காம நான் கையெழுத்துப் போடறதில்லைங்க."

"அளங்க! தாராளமா அளங்க!" என்று தலைவர் மேடைத் தமிழிலிருந்து இறங்கிவந்து சிரித்தார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி நானே ஒவ்வொரு காலடியா எண்ணினேன். முப்பத்தொன்பதாயிரத்து முந்நூத்தி எழுபது காலடி. ஒரு காலடி முப்பது அங்குலம். பெருக்கிப் பாருங்க, முப்பது கிலோமீட்டர், பிசிறில்லாம வரும்."

பெருநடை நாளன்று முத்திரை சக்கரத்தோடு வந்தார். பணிமனை வாசலில் எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். டக், டக், டக் என்று வாய்க்கால் கரை ஓரமாக, மாவு மில்லைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டி, கல்குவாரி வழியாக ஊர்வலம் போனது. தலைவர் முன்னால் இயற்கையைத் தடியால் சுட்டிக்கொண்டே போனார். டாக்டரம்மா மட்டும் பத்து நிமிடத்துக்கொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சார், அந்த டக்கை நிறுத்த முடியாதா? யாரோ என் பின்னாடியே பல் கடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"எண்ணறது நின்னுடும் டாக்டர்."

"இயற்கை ரசிக்கறது நின்னுடுச்சே!"

"அதுக்கு அளவு கிடையாதுங்க," என்றார் முத்திரை, உண்மையான வருத்தத்தோடு.

குவாரியைத் தாண்டி ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தலைவர் வழக்கமாக இந்த இடத்தை 'பதினாறாவது கிலோமீட்டர்' என்று அறிவிப்பார், அறிவித்தார். சக்கரம் பதினான்கே கால் என்றது. முத்திரையின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. பக்கத்தில் டெய்லர் குனிந்து சாப்பிடும்போது அவர் தொப்பி மூக்குவரை வந்து விழுந்தது.

"ஏங்க, இந்தத் தொப்பி எல்லாம் ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

"நான்தான் சார் தைச்சேன். துவைச்சாச் சுருங்கும்ல? அதான், அளவெடுத்ததுக்கு மேல கொஞ்சம் விட்டுத் தைக்கறது. எங்கப்பா பழக்கினது. தொப்பின்னா ஒரு அங்குலம், சட்டைன்னா ரெண்டு, பேண்ட்டுன்னா மூணு. நோட்டுல எழுதறப்பவே கூட்டித்தான் எழுதுவேன். அப்புறம் மறந்துட்டா?"

முத்திரை ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

"தலைவரோட காலடி முப்பது அங்குலம்னு சொன்னாரே. அதை அளந்தது யாரு?"

"நான்தான்!" டெய்லருக்கு முகமெல்லாம் பெருமை. "கடைக்கு முன்னாடி நடக்கவிட்டு, குதிகால்லேர்ந்து குதிகாலுக்கு டேப் பிடிச்சேன். இருபத்தேழு..."

நிறுத்தினார். மென்று கொண்டிருந்த தாடையும் நின்றது.

"கால் சமாச்சாரம்ல சார்," என்றார் மெல்ல. "கால்னா மூணு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடப் பெருநடைகள், பத்து வருட மேடைப்பேச்சுகள், டாக்டரம்மா நோயாளிகளிடம் சொல்லும் வீரக்கதைகள் எல்லாம் அந்த மூன்று அங்குலத்துக்குள் சுருண்டு கிடந்தன.

"சொல்லிடுவீங்களா சார்?" என்றார் டெய்லர்.

முத்திரை எழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். மீதி வழி முழுக்க சக்கரம் மட்டும்தான் பேசியது.

பெருநடை முடியும் இடம் ஒரு குன்றின் உச்சி. செல்போன் துறந்த ஆன்மாக்கள் ஆண்டுதோறும் வந்து சேர்வது ஒரு செல்போன் கோபுரத்தின் அடிக்கு. கோபுரத்தைச் சுற்றிக் கம்பிவேலி, வேலியைச் சுற்றி ஒரு மண் பாதை, ஒரு மூலையில் காவலாளிக்கான கழிப்பறை. முகப்பில் துணி போர்த்திய கல் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைமேல் சட்டம் போட்ட சான்றிதழ், ஒரு பேனா, ஒரு பச்சைத் தொப்பி.

"முப்பது கிலோமீட்டர்!" என்று தலைவர் கைகளை விரித்தார். "அதிகாரி அவர்களே, கையெழுத்து!"

முத்திரை சக்கரத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். டெய்லரைப் பார்த்தார், டெய்லர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'போகட்டும் விடு' என்ற பாதையின் வாசல்வரை போய்விட்டு, பழக்கமில்லாததால் முத்திரை திரும்பி வந்துவிட்டார்.

"இருபத்தேழு கிலோமீட்டர், நாற்பது மீட்டர்," என்றார்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தார். தலைவரின் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது.

"பத்து வருஷமா நாங்க நடந்தது பொய்யா? என் பாராட்டு விழா மலர்ல அட்டையிலயே போட்டிருக்கே, முப்பதுன்னு! யோவ், உம்ம சக்கரம் தப்பு!"

முத்திரையை எது வேண்டுமானாலும் சொல்லலாம். மாமனாரே சொல்லியிருக்கிறார். சக்கரத்தைச் சொன்னதும் அவர் அரை அடி உயர்ந்தார்.

"இது துறை குடுத்த சக்கரம்! முப்பத்திரண்டு வருஷத்துல என் கைப்பட்ட எந்தக் கருவியும் ஒரு மில்லிமீட்டர் தப்பினதில்ல! வேணும்னா நான் போறேன், சக்கரத்தைப் பத்திப் பேசாதீங்க!"

"போங்க! தொப்பியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

முத்திரை சக்கரத்தைத் திருப்பினார். குன்றிலிருந்து தனியாக இறங்குவது மனக்கண்ணில் தெரிந்தது. வழிய வழிய டீ. மாடிப்படியில் மனைவியின் பெட்டி.

"தலைவரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டெய்லர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சக்கரம் சரிதான். தப்பு என்னோடது. உங்க காலடி இருபத்தேழுதான். நான்தான் மூணு அங்குலம் தையலுக்கு விட்டுட்டேன்."

"என் காலடிக்குத் தையலா?"

"வளர்ந்தாத் தேவைப்படுமேன்னு..."

"எனக்கு அப்பவே ஐம்பத்தெட்டு வயசுய்யா!"

டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார். உட்கார்ந்தபடியே, தொப்பி கண்ணை மூட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் டெய்லரைப் பேரவையை விட்டு நீக்கும் தீர்மானத்தின் முதல் வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார். அது நீளமான வாக்கியம். அது முடிவதற்குள் டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

"யாரையும் நீக்க வேண்டாம் சார். மூணு கிலோமீட்டர்தானே? இந்தக் கோபுரத்தையே சுத்தி வந்துடுவோம். கல்லு பொய்யாகாது, மலர் பொய்யாகாது, உங்க முழங்கால் மட்டும்தான் வலிக்கும்."

முத்திரை மண் பாதையை அளந்தார். ஒரு சுற்று இருநூறு மீட்டர். வேண்டியது பதினான்கு சுற்றும் நூற்றுஅறுபது மீட்டரும். அதன்படி முப்பதாவது கிலோமீட்டர் கழிப்பறை வாசலில் முடிகிறது. கல்லை அங்கே நட வேண்டும் என்றார். தலைவரின் கண்ணில் நீர் திரண்டது.

"பதினஞ்சு சுத்தா வெச்சுக்கலாமே சார்," என்றார் டெய்லர். "நாற்பது மீட்டர் கூட. உங்க சட்டத்துல கொஞ்சம்கூட இடம் கிடையாதா?"

முத்திரை யோசித்தார். "அனுமதிக்கப்பட்ட பிழைன்னு ஒண்ணு இருக்கு."

"அதைத்தான் சார் நாங்க தையலுக்கு விடறதுங்கறோம்."

பதினைந்து பேர் ஒரு செல்போன் கோபுரத்தைப் பதினைந்து தடவை சுற்றினார்கள். காவலாளி கழிப்பறை வாசலில் நின்று, தன் வேலையில் இப்படி ஒன்று வரும் என்று யாரும் சொல்லவில்லையே என்ற முகத்தோடு பார்த்தார். கடைசிச் சுற்று முடிந்ததும் முத்திரை கையெழுத்துப் போட்டார். தொப்பி கிடைத்தது. அது காதுவரை இறங்கியது. டெய்லர் உடனே அதைப் பிடுங்கி, "குடுங்க சார், சரி பண்ணித் தர்றேன்," என்று பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முத்திரை சக்கரத்தைத் துடைக்க உட்கார்ந்தார். முப்பது கிலோமீட்டர் குலுங்கியதில் பித்தளைத் தகட்டின் பசை விட்டு, 'அளவு தவறாதவருக்கு அன்புடன்' கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் அலுவலகச் சீட்டு ஒன்று இருந்தது. பொடி எழுத்து. முழுதாகப் படித்தார்.

'ரப்பர் தேய்ந்தது. அளவைக்கு உதவாது. கழிக்கப்பட்டது.'

சட்டைப்பையிலிருந்து உலோக டேப்பை எடுத்தார். சக்கரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தார். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அதேதான். அப்படியானால் தலைவரின் காலடி டெய்லர் கடை வாசலில் மட்டும்தான் இருபத்தேழு அங்குலம்; வழியில் இருபத்தாறு.

எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"தலைவர் வீட்டுக்கு. சக்கரம் தப்பு. சொல்லணும்."

மனைவி சீட்டைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"போங்க. போறதுக்கு முன்னாடி பரண்லேர்ந்து என் பெட்டிய இறக்கி வெச்சுட்டுப் போங்க."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் டெய்லர், கையில் பச்சைத் தொப்பியோடு நின்றார். அவரே எட்டி முத்திரையின் தலையில் வைத்தார். பொட்டுப்போல் பொருந்தியது.

"என் வாழ்க்கையிலயே முதல் தடவை சார், ஒரு நூல்கூட விடாம தைச்சிருக்கேன். உங்களுக்காக." பெருமையாகத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி பூரா தூக்கமில்ல. ஒரு தப்பால பத்து வருஷம் எல்லாரையும் ஏமாத்திட்டேனேன்னு. நல்லவேளை, நேத்து நடந்ததாவது உண்மை. சரியா முப்பதுதானே சார்?"

பின்னால் சமையலறையில் ஸ்பூன் சத்தம் நின்றது.

"சரியா முப்பது," என்றார் முத்திரை. "வாங்க, டீ குடிக்கலாம்."

நடந்தது இருபத்தெட்டு கிலோமீட்டர், எண்ணூற்று முப்பத்தெட்டு மீட்டர்.